இரண்டு ரப்பர் பந்து, ஒரு சைக்கிள் டியூப்: இரத்த ஓட்டத்துக்கு ஒரு மாதிரி

கோத்தகிரியில் பம்பு, ஸ்பிரேயர் பழுது பார்ப்பது என் தொழில். தேயிலைக்கு மருந்தடிக்கிற கைத்தெளிப்பான், கேரட் தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார், வீட்டுத் தொட்டிக்கான சின்ன பம்பு என்று எல்லாமே பட்டறைக்கு வரும். பக்கத்து அரசுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை வந்து கேட்டது மட்டும் எனக்குப் புதிது.

"அண்ணா, இதயத்தை வரையச் சொன்னால் பிள்ளைகள் அழகாக வரைந்துவிடுகிறார்கள். பாகங்களின் பெயரும் தெரியும். ஆனால் இரத்தம் எங்கே கிளம்பி எங்கே போய் எப்படித் திரும்புகிறது என்று கேட்டால் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒன்று செய்ய முடியுமா?"

"செய்யலாம் டீச்சர். ஆனால் மோட்டார் வைக்க வேண்டாம்" என்றேன்.

காரணம் இருக்கிறது. கண்காட்சிகளில் வைக்கும் மாதிரிகளில் ஒரு குட்டி மோட்டார் சிவப்புத் தண்ணீரைக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருக்கும். பார்க்க நன்றாக இருக்கும். இதயத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. மோட்டார் இடைவிடாமல் தள்ளும். இதயமோ ஒரு தடவை தள்ளிவிட்டு ஓய்வெடுத்து மறுபடி தள்ளும். இப்படி விட்டுவிட்டுத் தள்ளியும், கடைசி நுண்குழாயில் இரத்தம் நிற்காமல் எப்படி ஓடுகிறது? மாதிரி பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பிரித்துப் பார்க்காத பம்புக்கு நான் வாஷர் வெட்டுவதில்லை. ஆகவே முதலில் கறிக்கடைக்குப் போனேன். ஆட்டு இதயத்தைக் கீறாமல், மேலே உள்ள குழாய்கள் ஒரு விரல் நீளமாவது ஒட்டியிருக்கும்படி தரச் சொல்லி வைத்திருந்தேன். இதைச் சொல்லாவிட்டால் குழாய்களை ஒட்ட நறுக்கிவிடுவார்கள். அதில் வால்வைச் சோதிக்க முடியாது. பள்ளியின் ஆய்வு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துப் பிள்ளைகள் சுற்றி நிற்க வேலை தொடங்கியது.

கையில் எடுத்து அழுத்தினாலே இடது, வலது தெரிந்துவிடும். இரத்தத்தை வெளியே தள்ளுகிற கீழறைதான் வெண்ட்ரிக்கிள். வலது வெண்ட்ரிக்கிள் விரலுக்கு அமுங்கும். இடது வெண்ட்ரிக்கிள் கட்டியாக எதிர்த்து நிற்கும். அறுத்துப் பார்த்தால் இடப்பக்கச் சுவர் வலப்பக்கத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கனம். வலது அறை தள்ள வேண்டியது பக்கத்தில் இருக்கும் நுரையீரல் வரைதான். இடது அறை தலை உச்சி முதல் கால் விரல் வரை தள்ள வேண்டும். வேலைக்கு ஏற்ற சுவர்.

அறுப்பதற்கு முன்பே, இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து உடம்புக்குக் கிளம்புகிற பெரிய குழாயான பெருந்தமனியின் வாயை மேலே பார்க்கத் தூக்கிப் பிடித்து ஒரு டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றினோம். அரைச்சந்திர வால்வின் மூன்று மடல்களும் சட்டென்று விரிந்து நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மேலிருந்து பார்த்தால் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்கும். ஸ்பிரிங் இல்லை, கீல் இல்லை, குண்டு இல்லை. திரும்பி வரப் பார்க்கிற திரவமே பை போன்ற மடல்களை நிரப்பி வழியை அடைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வழிவிடுகிற செக் வால்வுகள் எத்தனையோ கழற்றி மாட்டியிருக்கிறேன். இவ்வளவு மெல்லிய பொருளில் இவ்வளவு சுத்தமாக மூடுகிற ஒன்றை அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் தண்ணீர் மட்டம் மெதுவாக இறங்கியது. கசிவு என்றால் என் கை சும்மா இருக்காது. வெண்ட்ரிக்கிளைத் திறந்து கீழிருந்து பார்த்தேன். வால்வில் ஒரு சொட்டுக்கூட இல்லை. மடல்களை விலக்கிப் பார்த்ததும், பைகளுக்குப் பின்னால் தமனிச் சுவரிலேயே இரண்டு துளைகள் தெரிந்தன. மழுங்கிய ஃபியூஸ் கம்பியை ஒன்றில் நுழைத்தால் அது இதயத்தின் மேல்பரப்பில், கொழுப்புக்கு அடியில், பள்ளத்தோடு வளைந்து ஓடியது. கரோனரி தமனி. உடம்புக்கெல்லாம் அனுப்புகிற குழாயின் முதல் கிளையே இதயத்தின் தசைக்குத்தான். அடைப்பு ஏற்பட்டால் மாரடைப்பு வருவது இந்தக் கிளைகளில்தான் என்று ஆசிரியை சொன்னபோது, ஒரு பையன் கம்பியை மறுபடி நுழைத்து அது போகும் தூரத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

இரத்தம் வந்து சேர்கிற மேலறையான ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவே உள்ள வால்வு வேறு வகை. அதன் ஓரங்களிலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கி அறையின் சுவரிலுள்ள தசைக் குமிழ்களில் கட்டப்பட்டிருக்கும். நூல் மெல்லியதுதான், இழுத்தால் சுலபத்தில் அறுவதில்லை. வால்வை மூடுவது நூல்களின் வேலை அல்ல. வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது வால்வு ஆரிக்கிள் பக்கமாகப் பிதுங்கிவிடாமல் பிடித்துக்கொள்வதே அவற்றின் வேலை.

இனி மாதிரி. டீசல் இறைக்கப் பயன்படும், இரு முனையிலும் ஒருவழி வால்வு உள்ள கறுப்பு ரப்பர் பந்து இரண்டு வாங்கினேன். ஒன்று வலது வெண்ட்ரிக்கிள், மற்றொன்று இடது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப், டிரிப் ஏற்றும் புதிய குழாய் செட் மூன்று, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், மேல்பாகம் வெட்டிய தண்ணீர் பாட்டில்கள், ஹோஸ் கிளிப்புகள், ஓர் அடி நீளத்துக்குப் பழைய சைக்கிள் டியூப். எல்லாவற்றையும் ஒரு பிளைவுட் பலகையில் அடுக்கினேன்.

வரிசை இது: இடது பந்து, பெருந்தமனியாகச் சைக்கிள் டியூப், அங்கிருந்து மூன்று டிரிப் குழாய்கள் பிரிந்து தலை, வயிறு, கால் என்று போகும். மூன்றும் ஸ்பாஞ்ச் அடைத்த பாட்டிலில் சேரும். அதுதான் உடம்பின் தந்துகிகள், அதாவது கடைசி நுண்குழாய்கள். அங்கிருந்து வலது ஆரிக்கிளான திறந்த பாட்டில், வலது பந்து, அகலக் குழாய், நுரையீரலாகத் தளர்வாக ஸ்பாஞ்ச் வைத்த இன்னொரு பாட்டில், பிறகு இடது ஆரிக்கிள் பாட்டில், மறுபடி இடது பந்து. உறுப்புகள் ஒன்றுக்கொன்று பக்கத்துக் கிளைகள். நுரையீரலுக்கு மட்டும் அப்படிக் கிளை கிடையாது. ஒவ்வொரு சொட்டும் அதன் வழியாக வந்தே ஆக வேண்டும். படத்தில் உடம்புச் சுற்றும் நுரையீரல் சுற்றும் எட்டு வடிவில் இருப்பதால் பிள்ளைகளுக்கு இது புலப்படுவதில்லை. பலகையில் விரலை வைத்து ஒரு முறை தடவிப் போனால் போதும், ஒரே வளையம் என்று தெரிந்துவிடும்.

இரு ஆரிக்கிள் பாட்டில்களிலும் தண்ணீர் மட்டம் பந்துகளைவிட 7 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி வைத்தேன். ஆரிக்கிளில் உள்ள அழுத்தம் ஏறக்குறைய அவ்வளவுதான், பாதரசக் கணக்கில் 5 மில்லிமீட்டர். இதயம் பெரும்பாலும் உறிஞ்சி நிரப்பிக்கொள்வதில்லை; வந்து சேர்கிற இரத்தம்தான் அதை நிரப்புகிறது.

ஆசிரியை சிவப்பு, நீலச் சாயம் கேட்டார். நான் மறுத்துவிட்டேன். ஒரே வளையத்தில் இரண்டு சாயம் ஊற்றினால் நாலு சுற்றில் ஊதாத் தண்ணீர்தான் மிஞ்சும். அதோடு, உடம்பில் நீல இரத்தம் எங்குமே கிடையாது. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் கருஞ்சிவப்பு, அவ்வளவுதான். ஆகவே குழாய்களுக்கு வெளியே வயரிங் வேலைக்கான இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினோம்: ஆக்சிஜன் நிறைந்த பாதைக்குச் சிவப்பு, குறைந்த பாதைக்கு நீலம். நுரையீரலுக்குப் போகும் தமனிக்கு நீலம் சுற்றும்போது பிள்ளைகள் தயங்கினார்கள். தமனி என்றால் இதயத்திலிருந்து வெளியே போவது, சிரை என்றால் இதயத்துக்குத் திரும்புவது. உள்ளே ஓடுவது எந்த இரத்தம் என்பது வேறு கேள்வி. டேப்பைத் தானே சுற்றிய பிள்ளை இதை மறக்காது.

இப்போது முக்கியமான சோதனை. சைக்கிள் டியூப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் விறைப்பான பிவிசி குழாயை முதலில் மாட்டினேன். பந்தை அமுக்கினால் டிரிப் குழாய்களின் முனையில் தண்ணீர் பீய்ச்சியது. கையை விட்டால் நின்றது. பிறகு சைக்கிள் டியூப்பை மாட்டினேன். அமுக்கும்போது டியூப் உப்பியது. கையை விட்டதும் வால்வு மூடிக்கொள்ள, உப்பிய டியூப் மெல்லச் சுருங்கி உள்ளிருந்த தண்ணீரை முன்னே தள்ளியது. அடுத்த அமுக்கல் வரும்வரை முனையில் ஓட்டம் நிற்கவில்லை.

மருந்தடிக்கும் ஸ்பிரேயரைக் கையாண்டவர்களுக்கு இது உடனே விளங்கும். நெம்புகோலை ஏற்றி இறக்கும்போது பிஸ்டன் விட்டுவிட்டுத்தான் தள்ளுகிறது. நாசிலில் மட்டும் மருந்து சீராகப் பரவுகிறது. நடுவில் அழுத்த அறையில் சிறைப்பட்ட காற்று அமுங்கி, விரிந்து, இடைவெளியை நிரப்புகிறது. 'மருந்து விட்டுவிட்டு அடிக்கிறது' என்று யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது அந்த அறையைத்தான். ஸ்பிரேயரில் காற்று செய்கிற வேலையை உடம்பில் பெருந்தமனியின் சுவர் செய்கிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1733-இல் வெளியிட்ட ஆய்வில், அக்காலத் தீயணைப்பு எந்திரங்களின் காற்றறையோடு தமனிகளை ஒப்பிட்டிருந்தார். இதை ஆசிரியை சொன்னபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இன்னொன்றும் கண்டோம். டிரிப் குழாய்களின் உருளைக் கிளிப்பை முழுக்கத் திறந்துவிட்டால் சைக்கிள் டியூப் உப்புவதே இல்லை, பழையபடி பீய்ச்சல்தான். முன்னே கொஞ்சம் தடை இருக்க வேண்டும், பின்னே நெகிழும் சுவர் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஓட்டம் சீராகும். ஆகவே இதயம் ஒரு பம்பு என்று சொல்லி நிறுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குழாயும் சேர்ந்துதான் பம்பு. இடது வெண்ட்ரிக்கிளின் தசைக்கே பெருமளவு இரத்தம் கிடைப்பது இதயம் தளரும் நேரத்தில்தான். அப்போது தமனிச் சுவர் சுருங்கித் தள்ளுவதே அந்த இரண்டு துளைகளுக்குள் போகிறது. வயதானால் இந்தச் சுவர் விறைக்கிறது. இரத்த அழுத்தத்தின் மேல் எண் ஏறுவதற்கும் இரண்டு எண்களுக்கும் இடைவெளி அகலுவதற்கும் அது ஒரு முக்கியக் காரணம்.

அந்த எண்களையும் கண்ணால் பார்க்க வழி செய்தோம். சைக்கிள் டியூப்புக்கு அடுத்து ஒரு டி இணைப்பு போட்டு, லெவல் டியூப்பைச் சுவரோடு நேராக மேலே ஏற்றிக் கட்டினோம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ஆகவே 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 163 சென்டிமீட்டர் தண்ணீர். 80 என்பது 109 சென்டிமீட்டர். பந்தின் மட்டத்திலிருந்து அளந்து இரண்டு இடத்திலும் சாக்பீஸால் கோடு போட்டோம். தண்ணீர் மேல்கோட்டைத் தொட்டு, கீழ்க்கோட்டுக்கு இறங்குவதற்குள் அடுத்த அமுக்கல். ஹேல்ஸ் செய்ததும் இதேதான்: ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகினார், இரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறியது. நுரையீரல் பக்கத்திலும் ஒரு குழாய் ஏற்றினோம். அங்கே கோடுகள் 34 சென்டிமீட்டரிலும் 14 சென்டிமீட்டரிலும்தான். வலது பந்தை அமுக்கிய சிறுமி சளைக்கவில்லை. இடது பந்தில் இருந்தவன் ஒரு நிமிடத்தில் கை வலிக்கிறது என்று ஆளை மாற்றினான். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள்.

அதே கணக்கை நீட்டினால், இரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவிய ஆங்கில மருத்துவர் ஹார்வியின் வாதம் வந்துவிடுகிறது. ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு. கிட்டத்தட்ட 5 லிட்டர். உடம்பில் உள்ள மொத்த இரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக, உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது, உறுப்புகள் அதைச் செலவழித்துவிடுகின்றன என்று ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பிவந்தார்கள். வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில் இப்படியொரு கணக்கைத்தான் போட்டார். அரை மணி நேரத்தில் இதயம் வெளியேற்றுவது உடம்பின் மொத்த இரத்தத்தையும் மிஞ்சும்போது, அத்தனையையும் எந்தச் சாப்பாடு உண்டாக்கும்? திரும்பி வராமல் வழியே இல்லை. எங்கள் பலகையில் ஊற்றியது இரண்டு லிட்டர். ஒரு நிமிடத்தில் கடந்து போனது அதைவிட அதிகம் என்று பிள்ளைகளே அளந்து சொன்னார்கள்.

திரும்பி வருகிற பாதைக்கு ஹார்வி காட்டிய சான்றை என் கையிலேயே செய்து காட்டினேன். ஸ்பேனர் பிடித்த கை. சிரைகள் புடைத்துக்கொண்டு நிற்கும். முழங்கைக்கு மேலே துணியால் ஓரளவு இறுக்கினால் இன்னும் எழும். சிரையின் மேல் ஒரு விரலை அழுத்தி, இன்னொரு விரலால் அங்கிருந்து தோள் பக்கமாக வழித்துவிட்டு அந்த விரலை எடுத்துவிட வேண்டும். நடுவில் உள்ள பகுதி வெறுமையாகவே கிடக்கும். மேலிருந்து இரத்தம் இறங்கி நிரப்பாது. முதல் விரலை எடுத்த கணம் கீழிருந்து குபுக்கென்று நிரம்பும். சிரைக்குள் வால்வு இருக்கிறது, அது இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கிறது. அந்த வால்வுகளை விவரித்து எழுதியவர் இத்தாலியின் பதுவா நகரில் ஹார்விக்கு ஆசிரியராக இருந்த ஃபப்ரிசியஸ். செய்து பார்ப்பவர்கள் கட்டை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும். காலில் இந்த வால்வுகளோடு கெண்டைச்சதையும் சேர்ந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நடந்தால் தள்ளும், அசையாமல் நின்றால் தள்ளாது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களில் பலருக்குக் காலில் சிரைகள் சுருண்டு புடைப்பதை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

டிரிப் குழாயின் உருளைக் கிளிப் தனியாக ஒரு பாடம். உருளையைக் கொஞ்சம்தான் நகர்த்துகிறோம். ஓட்டம் பெரிதாகக் குறைகிறது. குழாயின் ஆரம் பாதியானால் அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது பிரெஞ்சு மருத்துவர் புவாசே கண்டறிந்த விதி. உடம்பு சிறுதமனிகளின் தசையைச் சற்றே இறுக்கியும் தளர்த்தியும் எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று பங்கு போடுவது இப்படித்தான். உறைபனி விழும் ஜனவரிக் காலையில் எங்கள் விரல்கள் வெளிறிச் சில்லிட்டுப் போவது, தோலுக்குப் போகும் கிளிப்பை உடம்பு இறுக்கிக்கொள்வதால். 'கால்' என்று எழுதிய கிளிப்பை இறுக்கியதும் சுவரில் தண்ணீர் மட்டம் ஏறியது. குளிரில் இரத்த அழுத்தம் கூடுவதை இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டத் தெரியாது.

ஸ்பாஞ்ச் பாட்டிலைத்தான் என்னால் உண்மைக்கு அருகில் கொண்டுபோக முடியவில்லை. யாராலும் முடியாது என்றே நினைக்கிறேன். தந்துகியின் விட்டம் 5 முதல் 10 மைக்ரான்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிவப்பணுவோ 7, 8 மைக்ரான். பல இடங்களில் அணு தன்னை வளைத்து ஒற்றை வரிசையில்தான் நுழைந்து போகிறது. ஹார்வி தந்துகியைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அவர் இறந்து நாலு ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாக அதைக் கண்டார். வளைந்து கொடுக்க முடியாத அணு வந்தால் என்ன ஆகும் என்பது நீலகிரிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. அரிவாள் அணுப் பண்பு இந்தியாவில் முதன்முதலாக 1952-இல் பதிவானபோது, அது பதிவான இடங்களில் ஒன்று நம் நீலகிரி. இங்குள்ள பழங்குடி மக்களிடையே. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணுவைப் பெற்றவர்களுக்கு, ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள் போல வளைந்து விறைத்து, நுண்குழாயில் சிக்கிக்கொள்ளும். தாங்க முடியாத வலி வரும். ஆசிரியை இதைச் சொன்ன வகுப்பில் பழங்குடிப் பிள்ளைகளும் இருந்தார்கள். பரிசோதனை செய்துகொள்வது ஏன் அவசியம் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இரண்டு பந்துகளையும் இரண்டு பேர் அமுக்கியபோதுதான் வேடிக்கை தெரிந்தது. இடது பந்துக்காரன் அசந்தால் இடது ஆரிக்கிள் பாட்டிலில் தண்ணீர் ஏறி, நுரையீரல் பாட்டில் வரை தேங்கியது. இடது இதயம் பலவீனமானவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுவது இதனால்தான். வலது அசந்தால் தேக்கம் உடம்பின் பக்கம், கால் வீங்கும். ஒரு துடிப்புக்கு ஒரு மில்லிலிட்டர் வித்தியாசம் நீடித்தாலே சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான மில்லிலிட்டர் ஒரு பக்கம் சேர்ந்துவிடும். உடம்பில் இதைச் சரிசெய்ய மேற்பார்வையாளர் தேவையில்லை. அதிகம் வந்து நிரம்பினால் தசை அதிகம் நீள்கிறது. அதிகம் நீண்ட தசை அதிக வலுவோடு சுருங்குகிறது. ஃபிராங்க், ஸ்டார்லிங் என்ற உடலியல் அறிஞர்கள் இருவரின் பெயரால் வழங்கும் விதி இது. என் ரப்பர் பந்துக்கு அந்தக் குணம் கிடையாது. பிள்ளைகள்தான் பாட்டில் மட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கையின் வலுவைக் கூட்டிக் குறைத்தார்கள்.

மலைக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் தண்ணீரை 10.3 மீட்டர் உயரம் வரை தாங்கும். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே அது 8 மீட்டரைச் சற்றே தாண்டும். அதனால்தான் கீழே நன்றாக இழுத்த பம்பைக் கொண்டுவந்து இங்கே அதே ஆழத்துக்கு வைத்தால் திணறுகிறது. மூச்சிலும் அதே கதை. காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதம்தான், அது மாறவில்லை. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சமவெளியிலிருந்து வந்தவர்கள் மேடு ஏறும்போது மூச்சு வாங்குவதும் நாடி விரைவதும் இதனால். தங்கிவிட்டால் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனை அதிகம் சுரந்து, எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தியைக் கூட்டும்.

செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தொடங்கும் முன் பந்துகளைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்து அமுக்கிக் காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள். உள்ளே காற்று நின்றால் அமுக்குகிற அமுக்கு காற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும், தண்ணீர் நகராது. சைக்கிள் டியூப்பின் இரு முனையையும் பிவிசி ரெடியூசரின் மேல் ஏற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஹோஸ் கிளிப் போடுங்கள்; ஒன்று போதாது, 163 சென்டிமீட்டர் அழுத்தத்தில் நழுவும். டியூப்பில் பஞ்சர் ஒட்டு இல்லாத பகுதியாகப் பார்த்து வெட்டுங்கள். டிரிப் செட் புதிதாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பயன்படுத்தியதைத் தொடவே கூடாது. ஆட்டு இதயத்தைக் கையாளும்போது கையுறை, முடிந்ததும் சோப்பு.

வகுப்பு முடிந்ததும் தண்ணீரை வடித்து, குழாய்களைக் கழற்றித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். எங்கள் ஊர் ஈரத்தில் ஸ்பாஞ்ச் சீக்கிரமே பூசணம் பிடித்துவிடும். அதை மட்டும் வெயிலில் காயவைத்துத் தனியாக எடுத்துவைக்க வேண்டும்.